கழுத்தில் கட்டியா? வீடியோ காலில் டாக்டரிடம் காட்டுவது எப்படி

போன வருஷம் கம்பத்திலிருந்து அத்தை போன் செய்தார். "ஏப்பா, கழுத்துல கோலிக்குண்டு மாதிரி என்னமோ தட்டுப்படுது, செயினைத் திருப்பிப் போடும்போது கை பட்டுச்சு" என்றார். கைக்குத் தட்டுப்பட்டு மூன்று மாசம் ஆகியிருந்தது. மதுரைக்கு பஸ் ஏற வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உட்கார வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் நான் லீவில் ஊருக்குப் போனபோது வீடியோ காலிலேயே தொடங்கினோம். அதில் ஒரு வீடியோ காலை நன்றாகச் சொதப்பினோம், அது எப்படி என்று கீழே வருகிறது. நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்தவன், அவ்வளவுதான்.

அத்தைக்கு வந்தது தைராய்டு கட்டி, அதாவது கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பியில் வருவது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. அதோடு, முடிவெடுக்க டாக்டருக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்துக்கு வீடியோ கால் ஓரளவு ஒத்துவருகிறது. ஆனால் டாக்டரின் கை உங்கள் கழுத்தில் படப்போவதில்லை, அந்தக் குறையை உங்கள் தயாரிப்புதான் ஈடுகட்ட வேண்டும்.

படி 1: யார் வீடியோவுக்கு வரவே கூடாது

கட்டி சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்கிறது, குரல் கம்மிப்போய்த் திரும்பி வரவில்லை, சோறு இறங்கும்போது அடைக்கிறது, பக்கக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், 108. சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும், வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்திருப்பவர்களும் வீடியோவில் தொடங்கலாம். ஆனால் அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

படி 2: முதல் கால், காசில்லாமல்

மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு நேரத்தில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் வசதியாக வந்தது, இன்றுவரை இலவசம். ஆப்பிலோ இணையதளத்திலோ மொபைல் நம்பர் கொடுத்தால் ஓடிபி வரும். பெயர், வயது, பிரச்சினை எல்லாம் நிரப்பினால் டோக்கன் கிடைக்கும், வரிசையில் உங்கள் முறை வந்ததும் டாக்டர் திரையில் வருவார். பெரும்பாலும் பொது மருத்துவர்தான் கிடைப்பார், அதில் குறை ஒன்றும் இல்லை. இந்தக் கட்டத்தில் நமக்கு வேண்டியது இரண்டுதான்: தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனைக்கும் கழுத்து அல்ட்ராசவுண்டு ஸ்கேனுக்கும் ஒரு சீட்டு. அவை கையில் வந்த பிறகு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்டிடம், இரண்டாவது காலில் பேசுவதுதான் காசுக்கும் நேரத்துக்கும் நல்லது. நேரே அவரிடமே போனாலும் "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றுதான் சொல்வார், ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? அதிக அளவு பயோட்டின் சில லேப் கருவிகளைக் குழப்பி, தைராய்டு அதிகமாக வேலை செய்வது போலப் பொய்யான முடிவைக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். சீட்டு எழுதும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

படி 3: ரிப்போர்ட்டைப் படிக்கப் பழகுங்கள்

நாங்கள் சொதப்பியது இங்கேதான். அத்தையின் வலது பக்கக் கட்டி 18 × 12 × 10 மி.மீ. டாக்டர் அளவு கேட்டதும் அத்தை முந்திக்கொண்டு "பதினெட்டு சென்டிமீட்டர் சார்" என்றார். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, அது தேங்காய் சைஸ்" என்றார். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால், டியூப்லைட் வெளிச்சம் அளவு இருந்த வரியின் மேலேயே பளபளவென்று விழுந்திருந்தது. கடைசி வரியும் வெட்டுப்பட்டிருந்தது. கால் முடிந்துபோனது, மறுபடி டோக்கன்.

அதனால் பொறுமையாகப் பாருங்கள். ரைட் லோப், லெஃப்ட் லோப் என்று இரண்டு பக்கமும், நடுவில் இரண்டையும் இணைக்கும் இஸ்த்மஸும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். கட்டி எந்தப் பக்கம், மூன்று அளவுகளில் பெரியது எது, மி.மீ.யா செ.மீ.யா, உள்ளே நீர் நிறைந்ததா கெட்டியானதா, பக்கத்தில் நெறிக்கட்டிகள் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். அது புற்றுநோயின் ஸ்டேஜ் இல்லை! இதைக் குழப்பிக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் கட்டி எந்த அளவுக்குச் சந்தேகமாகத் தெரிகிறது என்பதற்கான தரம்தான் அது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் 2017 முறைப்படி 1, 2 என்றால் ஊசிப் பரிசோதனை (கட்டியிலிருந்து ஊசியால் செல்களை எடுத்துப் பார்ப்பது) தேவையில்லை. 3 என்றால் 2.5 செ.மீ., 4 என்றால் 1.5 செ.மீ., 5 என்றால் 1 செ.மீ., அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அத்தைக்கு 3, அளவு 18 மி.மீ., அதாவது 1.8 செ.மீ. ஊசி வேண்டாம், ஆனால் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டிய ரகம். ரிப்போர்ட்டில் டைராட்ஸ் எண்ணே இல்லை என்றால் ஸ்கேன் சென்டரிலேயே கேளுங்கள், சேர்த்து எழுதித் தரச் சொல்லலாம்.

போட்டோவைப் பகலில், ஜன்னல் ஓரத் தரையில் தாளை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும். சென்டரில் பிடிஎஃப் கொடுத்தால் போட்டோவே வேண்டாம், அதையே அனுப்புங்கள்.

படி 4: கழுத்தைக் காட்டுவது

வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் டாக்டருக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும். செயினைக் கழற்றிவிடுங்கள், காலர் வைத்த சட்டை வேண்டாம். போனை நீங்களே கையில் பிடிக்காமல், தாடை உயரத்துக்கு எதன் மேலாவது சாய்த்து வையுங்கள். எங்களுக்கு அரிசி டப்பா உதவியது. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம்.

தண்ணீர் எதற்கு என்றால், தைராய்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது அதோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கும், கட்டி அதில் இருந்தால் அதுவும் கூடவே ஏறும். தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லும்போது விழுங்க வேண்டும். அத்தை அவர் சொல்வதற்குள்ளேயே மூன்று தடவை விழுங்கிவிட்டு "தண்ணி தீந்துபோச்சு" என்றார். நாக்கை நீட்டச் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். நாக்கை நீட்டும்போதும் மேலே ஏறுகிற கட்டி பெரும்பாலும் வேறு வகை, பிறவியிலேயே மிச்சப்பட்ட ஒரு குழாயில் உண்டாகும் நீர்க்கட்டி. சில டாக்டர்கள் இரண்டு கைகளையும் காதோடு ஒட்டித் தூக்கிச் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்வார்கள். அப்போது முகம் சிவந்து வீங்கினாலோ மூச்சு திணறினாலோ கட்டி நெஞ்சுக்கூட்டுக்குள்ளே இறங்கியிருக்கலாம் என்று அர்த்தம், அதற்கு மேல் வீடியோவில் பார்க்க ஒன்றுமில்லை.

படி 5: கேட்க வேண்டியவை

வெட்கப்படாமல் கேளுங்கள். ஊசிப் பரிசோதனை வேண்டுமா, வேண்டாம் என்றால் ஏன்? அடுத்த ஸ்கேன் எப்போது? டிஎஸ்ஹெச் குறைவாக இருந்தால் நியூக்ளியர் ஸ்கேன் (கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் ஸ்கேன்) தேவையா? எது நடந்தால் உடனே நேரில் வர வேண்டும்?

ஊசி என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: அது ரத்தம் எடுக்கும் ஊசியைப் போல மெல்லியதுதான், பெரும்பாலும் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். அதற்கு நேரில்தான் போக வேண்டும். முடிவை பெதஸ்டா என்ற முறையில் 1 முதல் 6 வரை எழுதுவார்கள். 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய், 1 என்றால் போதிய செல்கள் கிடைக்கவில்லை, பெரும்பாலும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். டைராட்ஸ் எண்ணையும் பெதஸ்டா எண்ணையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. முடிவை விளக்கிக்கொள்ள மறுபடி வீடியோ காலே போதும்.

பக்கத்து வீட்டு அக்கா போடுகிறாரே என்று தைராய்டு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். டிஎஸ்ஹெச் சரியாக இருப்பவர்களுக்குக் கட்டியைக் கரைக்க அந்த மாத்திரையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, தேவையில்லாமல் போட்டால் நெஞ்சு படபடக்கும்.

படி 6: காலுக்குப் பிறகு

வந்த மருந்துச் சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி அது இருந்தே ஆக வேண்டும். நேரில் வந்தால்தான் சரி என்று டாக்டர் சொல்லவும் இடம் உண்டு, போதும் நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் நிறுத்திக்கொள்ளவும் உரிமை உண்டு.

ரிப்போர்ட், சீட்டு எல்லாவற்றையும் போனில் ஒரே ஃபோல்டரில், பெயரில் தேதி போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்தால் ஒருநாள் போன் மாறும்போது போய்விடும். அடுத்த ஸ்கேனை முடிந்தால் அதே சென்டரில், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய் எடுங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதைப் பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அத்தைக்கு ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் "18 மி.மீ., செ.மீ. இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.