பட்டமளிப்புப் படத்தைப் பார்த்துப் பாலர்பள்ளி தேடாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பாலர்பள்ளி விளம்பரம் என்றால் ஒரே படம்தான். ஆறு வயதுப் பிள்ளை, கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். நானும் அதில் மயங்கித்தான் என் மகனை டவுனில் ஒரு தாடிகாவில், அதாவது தனியார் பாலர்பள்ளியில், சேர்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவன் கால்சட்டை தினமும் ஈரமாக வந்தது. வீட்டில் நனைப்பதை விட்டு ஒரு வருடம் ஆன பிள்ளை. விசாரித்தால், டீச்சருக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு 'ஒன்னுக்கு' என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். அப்புறம் அடக்கிக்கொள்ளப் பழகிவிட்டான்.

ஆங்கிலம் சீக்கிரம் வரட்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் நான்கு வயதில் பிள்ளைக்கு முதலில் தேவை, பசியையும் வலியையும் அவசரத்தையும் சொன்னால் புரிந்துகொள்ள ஓர் ஆள். அப்படி ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் தேர்வு என்ற பேச்சே கிடையாது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் எங்களை விட்டுவிட்டுப் போவார்கள். எஸ்டேட்டுக்கு அது ஒன்றுதான். இன்று டவுனில் வீதிக்கு ஒன்று இருந்தும், 'பக்கத்தில் எது' என்ற அந்தப் பழைய கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

தாஸ்காவையும் தாடிகாவையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். தாஸ்கா என்பது குழந்தைப் பராமரிப்பு மையம். அது நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். தாடிகா நான்கு முதல் ஆறு வயது வரை, அதற்குப் பதிவு கல்வி அமைச்சில். பக்கத்து வீட்டு அக்கா மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் பதிவு தேவையில்லை. நான்கு பிள்ளைகள் ஆகிவிட்டால் வீட்டிலேயே நடத்தினாலும் தேவை. பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்க நமக்குக் கூச்சம். கேளுங்கள், முறையாக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தாஸ்காவில் ஆள் கணக்கையும் எண்ணிப் பாருங்கள். ஒரு வயதுக்குள் 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 5 பேருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு வரை 10 பேருக்கு ஒருவர். சமையல்கார அக்காவைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள், ஏமாறாதீர்கள்.

போய்ப் பார்க்கும் நேரமும் முக்கியம். சேர்க்கை நாளில் எல்லா இடமும் பளபளக்கும், பலூன்கூட இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குப் போங்கள். பிள்ளைகள் களைத்து, ஒன்று அழுது, ஒன்று மீ நூடுல்ஸைக் கொட்டியிருக்கும் நேரம் அது. கொட்டியதைத் துடைக்கும்போது டீச்சரின் முகத்தைப் பாருங்கள். கழிவறைக் கதவு பிள்ளை தானே திறக்கக்கூடியதா, சோப்பு எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

'காய்ச்சலா? பரவாயில்லை, கொண்டு வாங்க' என்று சொல்லும் இடம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் கை, கால், வாய் நோய் பரவுவது அந்தப் பரவாயில்லையில்தான். காய்ச்சல் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தாஸ்கா மேல் எரிச்சல் வரும், வரட்டும்.

வேனுக்கு ஒரே ஒரு கேள்வி: பிள்ளை வந்து சேரவில்லை என்றால் எத்தனை மணிக்கு எனக்குப் போன் வரும்? பதிலுக்கு யோசித்தார்கள் என்றால், அப்படி ஒரு வழக்கமே அங்கே இல்லை.

அடுத்தது, நான்கு வயதில் நோட்டு நிறைய எழுத்து. அதைப் பார்த்துப் பூரித்துப்போகிறோம். தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகிறது. மணலும் கட்டைகளும் உடைந்த கிரையோனும் கிடக்கும் வகுப்பு எனக்கு இப்போது நல்ல அறிகுறியாகப் படுகிறது.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அரசாங்கப் பாலர்பள்ளி வகுப்பு இருக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது, சாப்பாடு உண்டு. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 25 பேர், ஓர் ஆசிரியர், கூடவே ஓர் உதவியாளர். இலவசம் என்பதாலேயே மட்டம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களில் நானும் இருந்தேன். ஒரு சிக்கல் உண்டு, நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். செம்பனைக் காட்டு வேலையிலும் பேக்டரியிலும் இருப்பவர்கள் மத்தியானத்துக்கு யார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்களுக்குப் பாட்டி இருந்தார்.

மறு வருடம் மகனை அங்கேதான் மாற்றினேன். பதிவு செய்யப் போன அன்று டீச்சர் அவன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து, "வீட்டில ஒன்னுக்கு வந்தா என்னன்னு சொல்வான்?" என்று கேட்டார். சொன்னேன். பெயருக்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டார்.