சிறு நகரப் பேருந்துப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநகரத்தில் 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போனாலும் பெரிய நட்டமில்லை. அந்தப் பழக்கத்தைச் சிறு நகரத்துக்கும் கொண்டுவருவதுதான் பலரும் செய்கிற தவறு. அரை மணிக்கு ஒன்று ஓடும் தடத்தில் நேரம் பார்க்காமல் போகிறவர் சராசரியாக 15 நிமிடம் நிற்பார். கண்ணெதிரே ஒன்றைத் தவறவிட்டால் முழு அரை மணி போய்விடும்.

நேரம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். கால அட்டவணையில் பல சமயம் முக்கிய நிறுத்தங்கள் மட்டுமே இருக்கும். இடையில் உள்ள நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்பதை நாலைந்து நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ஏற ஆளில்லாத நாளில் பேருந்து முன்னதாகவே கடந்துவிடக்கூடும் என்பதால், 5 நிமிடம் முன்பே அங்கே இருப்பது நல்லது. நிறுத்தத்தில் நேரத்தை எழுதி வைக்காத நிர்வாகங்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஒரு பலகை போதும், எத்தனையோ பேர் வெயிலில் காத்து நிற்க வேண்டியிராது.

கைபேசிச் செயலி காட்டுவதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. வண்டியில் இருப்பிடம் காட்டும் கருவி இல்லாத தடங்களில் செயலி சொல்வது அட்டவணை நேரத்தை மட்டுமே. வண்டி பழுதாகி நின்றாலும் அதே நேரம்தான் திரையில் இருக்கும்.

இரண்டு பேருந்து மாறிப் போகிறவர்களுக்கு நேரக் கணக்கு இன்னும் முக்கியம். 3 நிமிட இடைவெளியில் அடுத்ததைப் பிடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். முதல் பேருந்து 4 நிமிடம் தாமதமானால் நீங்கள் இழப்பது 4 நிமிடமல்ல, அடுத்தது வரும்வரையான நேரம் முழுவதும். மீதித் தூரம் ஒரு கிலோமீட்டர்தான் என்றால், நடக்க முடிகிறவர் 12 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

போகும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சிறு நகரங்களில் கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் வேறு அட்டவணையாக இருக்கலாம். மாதப் பயணச்சீட்டு வாங்குமுன் எத்தனை நாள் பயணம் என்று எண்ணிப் பாருங்கள்.

பேருந்து வராமலே போனால் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எழுதிப் புகார் கொடுங்கள். தடம் எண், நிறுத்தம், தேதி, நேரம் ஆகிய நான்கும் இருந்தால், எந்த வண்டி ஓடவில்லை என்பதை நிர்வாகம் கண்டுபிடிப்பது எளிது.