விரைவாகக் கியர் மாற்றுவதில் நேரும் தவறுகள்

கியரை விரைவாக மாற்ற வேண்டும் என்றதும் பலரும் முதலில் கையைத்தான் வேகப்படுத்துகிறார்கள். ஆனால் கையால் மிச்சப்படுத்தும் நேரத்தைவிட, கிளட்சும் ஆக்சிலரேட்டரும் ஒன்றுக்கொன்று இசையாமல் போவதால் இழக்கும் நேரமே அதிகம். கார் குலுங்குவதற்கும், கியர் பெட்டி கறகறப்பதற்கும், கிளட்ச் கருகிய வாடை வருவதற்கும் பெரும்பாலும் இந்த இசைவின்மையே காரணம்.

லீவரை அடித்துத் தள்ளுவதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. கிளட்சை மிதித்தவுடன், எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குள் கொண்டுவரும் உள்தண்டு நின்றுவிடுவதில்லை. பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியைப் புதிய கியருக்கு ஏற்ற வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோனைசரின் வேலை. பெரும்பாலும் பித்தளையால் ஆன ஒரு வளையம் கியரின் கூம்பு வடிவப் பகுதியில் உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. சமமாகும்வரை அதன் பற்களே கியர் விழாமல் தடுத்து நிற்கின்றன. லீவரை நியூட்ரலைத் தாண்டி மெல்ல அழுத்தினால் விரல்களில் ஒரு கணம் அந்தத் தடை தெரியும்; அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தால், உள்ளிருந்து யாரோ இழுத்ததுபோல லீவர் வழுக்கி விழும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லீவரை இரண்டு விரல்களாலும் கட்டைவிரலாலும் மட்டுமே பிடிக்கச் சொன்னார். அந்தத் தடையையும் அது விலகுவதையும் அப்போதுதான் முதன்முதலாக உணர்ந்தேன். தடை விலகுமுன் பலத்தைக் காட்டினால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். வளையமோ ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தேய்கிறது.

பலத்தால் வரும் இன்னொரு கேடு இதைவிடக் கொடியது. வழக்கமான அமைப்பில் ஒன்றும் இரண்டும் இடப்பக்கத்திலும், மூன்றும் நான்கும் நடுவிலும், ஐந்து வலப்பக்கத்திலும் இருக்கும். நியூட்ரலில் லீவரை விட்டால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதனை நடுவரிசைக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே மூன்றிலிருந்து நான்குக்கு நேராகப் பின்னால் இழுத்தாலே போதும். அவசரத்தில் லீவரை இறுகப் பிடித்து இடப்பக்கம் சாய்த்துவிட்டால், நான்குக்குப் பதிலாக இரண்டில் விழக்கூடும். கியர் பெட்டியிலிருந்து சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டு ஒருமுறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே கியரின் விகிதம். இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாவது 1.4, நான்காவது 1.0 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் 6,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 6,000 சுழற்சி) வேகத்தில் செல்லும் எஞ்சின் நான்குக்கு மாறினால் ஏறத்தாழ 4,300-க்கு இறங்க வேண்டும். தவறி இரண்டில் விழுந்து கிளட்சையும் விட்டுவிட்டால், சக்கரங்கள் அதனை 8,500-க்கு மேல் சுழற்றும். எஞ்சினின் வேக வரம்பைக் காக்கும் கட்டுப்பாடு எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்த முடியும். காரின் ஓட்டமே எஞ்சினைச் சுழற்றும்போது அதனால் எதுவும் செய்ய இயலாது. வால்வு ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் பிஸ்டன் வால்வில் மோதி, எஞ்சினே பாழாகலாம். இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையால் வழிகாட்டினால் மட்டுமே ஸ்பிரிங்கால் தன் வேலையைச் செய்ய முடியும்.

இனி கால்கள். விரைவு கருதிக் கிளட்சைப் பாதியளவே மிதிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிளட்ச் தட்டு எஞ்சினிலிருந்து முழுமையாக விடுபடுவதில்லை. எஞ்சினின் இழுப்பையும் எதிர்த்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டிய நிலைக்குச் சிங்க்ரோனைசர் தள்ளப்படுகிறது. சில நேரங்களில் குற்றம் ஓட்டுபவருடையதாகவே இருக்காது. கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் தரைவிரிப்பே பெடலை முழுதாக இறங்கவிடாமல் செய்துவிடும்.

கிளட்சை விடும் விதத்தில் பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மெதுவாக விட்டால் கிளட்சுக்கு நல்லது என்று எண்ணுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது மெதுவாக விடுவது தேவைதான். ஓடும்போது கியர் மாற்றுகையில் நீண்ட நேரம் பாதி மிதிப்பில் வைத்திருப்பது வழுக்கலையும் வெப்பத்தையும்தான் கூட்டும். எஞ்சினின் வேகம் புதிய கியருக்கு இசைந்திருந்தால் கிளட்சைத் தயங்காமல் விடலாம், கார் குலுங்காது. மேல் கியருக்கு மாறும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தானே இறங்கிவரும். அது போதிய அளவு இறங்கும் தருணத்தில் கிளட்ச் சேர வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே கியரை மாற்றுவது பந்தய ஓட்டத்தில் சிலர் கையாளும் முறை. அன்றாடக் காரில் அது கிளட்ச் தட்டைத் தின்றுவிடும்.

கீழ் கியருக்கு இறங்கும்போது நிலைமை தலைகீழ். இங்கே எஞ்சின் வேகம் கூட வேண்டும். கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் எஞ்சின் எழும். அந்த எழுச்சியின் உச்சியில் கிளட்சை விட வேண்டும். இதைச் செய்யாமல் சட்டென்று விட்டால், இயக்கும் சக்கரங்கள் திடீரென இழுத்துப் பிடிக்கப்பட்டதுபோலாகும். ஈரச் சாலையில், அதிலும் வளைவின் நடுவில், பின்சக்கரத்தால் இயங்கும் கார் சறுக்கி விலகிப்போக இதுவே போதும். வேகத்தைக் குறைப்பதற்குக் கியரை நம்பாமல், வளைவுக்கு முன்பே பிரேக்கால் குறைத்து, பிறகு கியரை இறக்குவதே சரி.

கிளட்சை இருமுறை மிதித்து மாற்றும் பழைய முறையை இன்றும் விடாமல் பின்பற்றுவோர் இருக்கிறார்கள். 1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோனைசர் அறிமுகமாகி, பின்னர் எங்கும் பரவியபின், மேல் கியருக்கு மாற அதற்கு எந்தத் தேவையும் இல்லை, நேரம்தான் வீணாகிறது.

லீவர்மேல் கையை ஊன்றி வைப்பதையும் விட்டுவிட வேண்டும். உள்ளே கியரை நகர்த்தும் கவை வீணாகத் தேயும். குளிர்ந்த எஞ்சினுடன் புறப்பட்ட முதல் சில கிலோமீட்டரில் வேகமான மாற்றங்களையும் தவிர்க்கலாம். கியர் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது சிங்க்ரோனைசருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

பழகுவதற்கு ஓடும் கார்கூட வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, கிளட்சை முழுவதும் மிதித்தபடி இரண்டிலிருந்து மூன்றுக்கும் மூன்றிலிருந்து நான்குக்கும் விரல்களால் மட்டும் பலமுறை மாற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் லீவரை எங்கே கொண்டுபோகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். இவ்வளவும் சரியாகச் செய்தபிறகும் ஒரே கியரில் மட்டும் கறகறப்பு தொடர்ந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோனைசரையும், எல்லாக் கியர்களிலும் கேட்டால் கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்பதையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.