ஊர் சரியத் தொடங்கினால் எங்கே பார்ப்பது, என்ன செய்வது

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது "திடீரென்று இப்படி ஆகிப்போச்சே" என்று சொல்லாத ஆள் திருகோணமலையில் இருந்திருக்க மாட்டார். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கையை விரிப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பிருந்தே அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதைக் கவனித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தைக் கொழும்பில் போய்ப் படிக்க முடியாது. உங்கள் கடற்றொழிலாளர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம், ஏதோ ஒன்றில்தான் படிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

தலைவர் நல்லவரா கெட்டவரா என்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அவருக்கு மறுப்புச் சொன்ன ஆளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கடைசி இரண்டு மூன்று கூட்டங்களை நினைத்துப் பாருங்கள்: எழும்பி நின்று "இது சரிவராது" என்று யார் சொன்னார்? அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் போனதா, இல்லை ஆள் பிரச்சினைக்காரன் என்று பெயர் கட்டிவிட்டார்களா? யாருமே மறுப்புச் சொல்லவில்லை என்றால் அது இன்னும் மோசம். நாட்டிலும் இதுதான் நடந்தது. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்புக்கு 20ஆவது திருத்தம் வந்து, உயர் பதவிகளுக்கு ஆள் போடுவதில் ஜனாதிபதிக்கு இருந்த கடிவாளத்தைக் கழற்றியது. அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில் வந்த பாராளுமன்றப் பேரவை கருத்து மட்டும் சொல்லலாம் என்று ஆனது. அடுத்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. விளைச்சல் படுத்துவிடும் என்று விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், யார் கேட்டார்? நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறவர்களிடம் கேளுங்கள், யூரியா இல்லாமல் மஞ்சளித்து நின்ற பயிரைப் பற்றிச் சொல்வார்கள்.

இனிப்பான முடிவுகளைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், நாம் சந்தோஷப்பட்டோம். அரசுக்கு வரும் பணம் குறைந்தால் அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். உங்கள் சங்கத்தில் புதிதாக வந்த தலைவர் "இந்த வருடம் சந்தா வேண்டாம், கடனை மெதுவாகக் கட்டுங்கள்" என்றால் கைதட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இனிக் கணக்கு. சரிவு முதலில் தெரிகிற இடம் இது, நமக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிற இடமும் இதுதான். பொருளாளர் ஒரு தாளில் எழுதி வாசிக்கும் கூட்டுத்தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீர்கள். வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கேளுங்கள், காசுப் புத்தகத்தின் மீதியோடு வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் இருக்கிற வித்தியாசம் யார் கையில் என்று கேளுங்கள். "கணக்குக் காட்டு" என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் வரும். "ஓகஸ்டில் வள்ளம் திருத்த எடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே" என்று ஒன்றை மட்டும் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகக் கேட்காமல் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கூட்டத்துக்கு முதல் நாளே பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள், நேர்மையான மனிதரென்றால் தேடி எடுத்து வைத்திருப்பார். வேறு யாரோ வைத்த பணத்தைக் கையிருப்பில் சேர்த்துக் காட்டுகிறார்களா என்றும் பாருங்கள். 2021 முடிவில் நாட்டின் கையிருப்பு 310 கோடி டொலர் என்றார்கள். அதில் பாதியளவு சீன மத்திய வங்கியோடு செய்த நாணய மாற்று ஒப்பந்தத்தின் பணம், எடுத்துச் செலவழிக்க முடியாத பணம்.

சரி, தலைவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். வெடி போட்டு மீன் பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டவிரோதம் என்று எல்லோருக்கும் தெரியும், முருகைக்கல் உடைந்தால் நாளைக்கு மீன் இல்லை என்றும் தெரியும், ஆனாலும் "நான் போடாவிட்டால் அவன் போடுவான்" என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், வாங்குகிற நாமும் விலை குறைவாக இருக்கிறதே என்று பையை நீட்டுகிறோம். வெடி மீனைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை: வெட்டும்போது நடுமுள் முறிந்திருக்கும், சதை முள்ளை விட்டுக் கழன்று வரும், உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். ஒரு முறை அப்படிக் கண்டால் அடுத்த நாள் அந்த வியாபாரியிடம் நேராகச் சொல்லுங்கள், வாங்காதீர்கள்.

மனிதர்கள் மாற மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு 2022 ஐயே காட்டலாம். ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனதும், அதுவரை கானுக்குள் நிரப்பிப் பதுக்கிய அதே ஆட்கள் அமைதியாக வந்து அடித்துக்கொண்டு போனார்கள். நமக்கும் அடுத்தவனுக்கும் ஒரே அளவு என்று கண்ணுக்குத் தெரிந்தால் பயம் போய்விடும். அதனால் உங்கள் சங்கத்தில் எதைப் பங்கிட்டாலும், மண்ணெண்ணெயோ வலையோ நிவாரணமோ, பெயரையும் அளவையும் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், தலைவரின் மச்சான் பெயரும் அதில் இருக்கட்டும்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்டவுடன் தலைவர் "அவங்களால்தான்" என்று அடுத்த சமூகத்தின் மேல் பழியைப் போட்டால், அந்தப் பேச்சுக்குள் போகாமல் பற்றுச்சீட்டுக்கே திரும்பி வாருங்கள். 2020 இல் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோது, அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தும் அது 2021 பெப்ரவரி வரை தொடர்ந்தது. அது அவர்களுடைய பிரச்சினை என்று பேசாமல் இருந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நிபுணர் சொன்னதைக் கேட்காமல் நடக்கலாம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் பழகிய காலம் அது, பசளைத் தடை அதற்குப் பிறகுதான் வந்தது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2022 மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ச நமது கடற்படைத் தளத்துக்குள்தான் வந்து தங்கினார், வாசலில் சனம் கூடி நின்றது. பொருளாதாரச் சரிவுக்கு அவரும் கோட்டாபயவும் வேறு சிலரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2023 நவம்பரில். அதற்குள் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது.

கேட்டும் பதில் வராவிட்டால் எழுத்தில் போங்கள். சங்கம் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிந்ததென்றால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, அங்கத்தவர் சிலர் ஒப்பமிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு. பிரதேச சபை, பிரதேச செயலகம் போன்ற அரச நிறுவனமென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்தவுடனேயே கிடைத்ததற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வா என்றால் அங்கேயே நில்லுங்கள்.