எலெக்ட்ரிக் வீல்சேர் பேட்டரி: சார்ஜ் போடுவதிலிருந்து மாற்றுவது வரை

பல எலெக்ட்ரிக் வீல்சேர் பேட்டரிகள் ஓடித் தேய்ந்து கெடுவதில்லை, அரைகுறை சார்ஜில் மூலையில் கிடந்தே கெடுகின்றன. புதிதாக வீல்சேர் வாங்கியவர்களும், வீட்டில் ஒருவருக்காக அதைப் பார்த்துக்கொள்பவர்களும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தினமும் சார்ஜ் போடலாமா, போட்டால் பேட்டரி கெட்டுவிடுமா?" பதில் உங்கள் பேட்டரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒரு வகைக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் சார்ஜரை எடுப்பதற்கு முன் பேட்டரியைப் பார்த்துவிடுவோம்.

படி 1: எந்த பேட்டரி என்று பாருங்கள்

சீட்டுக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினால், கனமான இரண்டு கறுப்புப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அது லெட் ஆசிட், அதாவது ஈயத் தகடும் அமிலமும் உள்ள பேட்டரி. ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டையும் சீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் ஜெல் அல்லது ஏ.ஜி.எம். என்று எழுதியிருக்கும். இரண்டுமே சீல் செய்யப்பட்டவை. வேறு பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்கள் இதன் மூடியையும் நெம்பிப் பார்ப்பார்கள். வேண்டாம். அதில் ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை. வால்வைத் திறந்தால் பேட்டரிதான் பாழாகும்.

கைப்பிடியோடு, ஒரே பெட்டியாக, ஒரு கையால் தூக்கி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் அநேகமாக லித்தியம். மடக்கி காரில் வைக்கிற லேசான வீல்சேர்களில் இதுதான் வரும். உள்ளே பி.எம்.எஸ். என்ற சிறிய சர்க்யூட் இருக்கும். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், அடிமட்டத்துக்கு இறங்கினாலும் இணைப்பைத் துண்டித்துவிடுவது அதன் வேலை.

லேபிளில் வகை, வோல்ட், ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு, Ah) மூன்றும் தெரியும்படி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் வாங்கும்போதும், பேட்டரி மாற்றும்போதும், விமானத்தில் போகும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

படி 2: சார்ஜர் இதற்கு உரியதுதானா?

வீல்சேரோடு வந்த சார்ஜர்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். இரவல் சார்ஜர், செகண்ட் ஹேண்ட் சார்ஜர், ஆன்லைனில் வாங்கியது என்றால் நின்று படியுங்கள்.

வட்டமாக மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். பிளக் பெரும்பாலான வீல்சேர்களில் ஒரே மாதிரிதான். லெட் ஆசிட் சார்ஜரின் பிளக் லித்தியம் வண்டியிலும் 'டக்' என்று உள்ளே போகும். உள்ளே போய்விட்டதால் சரியான சார்ஜர் என்று ஆகிவிடாது. லெட் ஆசிட் சார்ஜர் 28, 29 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, பிறகு 27 வோல்ட்டுக்குச் சற்று மேலே இறங்கி மெல்லக் கொடுத்துக்கொண்டே இருக்கும். லித்தியத்துக்கு அப்படிக் கூடாது; நிரம்பியதும் நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று பேட்டரி நிறையாது, இல்லாவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம். சில சார்ஜர்களில் ஜெல், ஏ.ஜி.எம். என்று மாற்றிக்கொள்ள ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது சரியான பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

ஆம்பியர் கணக்கு: லெட் ஆசிட் பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை சார்ஜர் இருந்தால் நல்லது. 50 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 5 முதல் 10 ஆம்பியர். 2 ஆம்பியர் சார்ஜர் போட்டால் விடிந்தும் முடியாது. கார் பேட்டரி சார்ஜர் எதற்கும் ஆகாது.

படி 3: எங்கே வைத்துப் போடுவது?

சுவரில் இருக்கும் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு, அதிலும் சுருட்டி வைத்த கார்டு, மணிக்கணக்கில் ஓடும்போது சூடாகும். சார்ஜர் வெறும் தரையில் இருக்கட்டும். மெத்தை, கம்பளம், துணி மேல் வைத்தால் காற்றோட்டம் அடைபட்டு, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகாது. லெட் ஆசிட் அளவுக்கு மேல் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு அது. பூட்டிய அலமாரி, காற்று வராத ஸ்டோர் ரூம் வேண்டாம்.

பலர் யோசிக்காத ஒன்று: வாசலுக்குக் குறுக்கே வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஏதாவது ஆனால் அந்த வீல்சேரைப் பயன்படுத்துபவர்தான் வெளியேறச் சிரமப்படுவார். அவர் போகும் வழியிலேயே நெருப்பு இருந்தால் என்ன செய்வது? லித்தியம் என்றால் இதில் சலுகையே கிடையாது. அந்த அறையில் புகை அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.

படி 4: சார்ஜ் போடும் வரிசை

முதலில் ஜாய்ஸ்டிக்கில் பவரை அணையுங்கள். சக்கரத்தைத் தள்ளுவதற்கான ஃப்ரீவீல் லீவர் விடுபட்டிருந்தால் பழைய நிலைக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காமல் வண்டி உருளும். சார்ஜிங் துளைக்குள் தூசி, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது ஜாய்ஸ்டிக் பெட்டியின் கீழ்ப்புறம் இருக்கும். மழையில் போய் வந்தால் நீர் தேங்கும் இடமும் அதுதான். காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

உங்கள் கையேடு வேறு மாதிரி சொல்லாவிட்டால், சார்ஜரை முதலில் வீல்சேரில் செருகி, கடைசியாகச் சுவர் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது நேர் எதிர்: சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு வீல்சேரிலிருந்து உருவுங்கள். அப்படிச் செய்தால் பிளக் முனையில் ஸ்பார்க் வராது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் தலையைப் பிடித்து இழுங்கள்.

சார்ஜ் ஆகும்போது பெரும்பாலான வீல்சேர்கள் நகராது. ஒயரோடு இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் ஒருவரை அதில் உட்கார வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள்.

விளக்கு பச்சையாகும் வரை பொறுமை வேண்டும். லெட் ஆசிட்டில் முதல் 80 சதவீதம் வேகமாக ஏறும், மீதி 20 சதவீதம் இழுத்துக்கொண்டே போகும். இது சார்ஜரின் குறை இல்லை. கடைசிக் கட்டத்தில் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். 50 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி தீர்ந்திருந்தால், 5 ஆம்பியர் சார்ஜருக்குக் கணக்குப்படி 5 மணி நேரம். அந்தக் கடைசி இழுவைக்கு இன்னும் இரண்டு, மூன்று மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தீர்ந்திருந்தால் ராத்திரி முழுதும் வேண்டும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். லெட் ஆசிட் என்றால், வண்டியை ஓட்டிய நாளெல்லாம் இரவில் சார்ஜ் போடுங்கள், கொஞ்ச தூரமே போயிருந்தாலும் சரி. 'முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும்' என்ற பேச்சு பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு உரியது. இங்கே அது எதிரி. தீர்ந்த நிலையில் கிடக்கும் லெட் ஆசிட்டின் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டியாகப் படியும். அப்படிப் படிந்த பகுதி திரும்பச் சார்ஜ் ஏற்காது. ஒரு மணி நேரம் போட்டுவிட்டுப் பிடுங்குவதையே வழக்கமாக வைத்திருந்தாலும் இதே கதிதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

லித்தியத்துக்கு அந்த அவசரம் இல்லை. 20, 30 சதவீதத்துக்கு இறங்கும்போது போட்டால் போதும். எப்போதும் நூறிலேயே வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவ்வப்போது முழுதாக ஏற்றுங்கள். உள்ளே இருக்கும் செல்களைச் சமப்படுத்தும் வேலையைப் பல பி.எம்.எஸ். அப்போதுதான் செய்கிறது. தூரப் பயணத்துக்கு முந்தைய இரவும் முழுதாக ஏற்றலாம்.

படி 5: விளக்கை எவ்வளவு நம்பலாம்?

ஜாய்ஸ்டிக்கில் எரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் வோல்டேஜை வைத்துத்தான் காட்டுகின்றன. சார்ஜரைப் பிடுங்கிய உடனே எல்லா விளக்கும் எரியும். அதை நம்ப வேண்டாம். மேட்டில் ஏறும்போது இரண்டு விளக்கு குறைந்து, சமதளத்துக்கு வந்ததும் திரும்பி வந்தால் பயப்படவும் வேண்டாம். சமதளத்தில், வண்டி சற்று நேரம் நின்ற பிறகு பார்ப்பதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். மேடு ஏறும்போது வண்டி திணறி, விளக்கு சடசடவென்று சிவப்புக்குப் போனால் மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு, டி.சி. வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். லெட் ஆசிட்டில் 12.7 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு, 12.2 சுமார் பாதி; 11.8 பக்கம் என்றால் ஏறக்குறைய காலி. முக்கியமாக இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டும் சீரிஸில் இருப்பதால் ஒரே கரண்ட்தான் இரண்டிலும் ஓடுகிறது. ஒன்று 12.8, மற்றது 12.2 என்றால் பலவீனமானது முன்னாடியே தீர்ந்து வண்டியை நிறுத்திவிடும். சார்ஜ் போடும்போது நல்லதுக்கு அளவுக்கு மேல் ஏறும். இந்த ஜோடி இனி நீண்ட நாள் தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் இந்தக் கணக்கு செல்லாது. தீரும் வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, கடைசியில் மளமளவென்று சரியும். அதற்குப் பேட்டரியிலேயே இருக்கும் சதவீதக் காட்டியை நம்புவதே மேல்.

படி 6: மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

மூடியைத் திறப்பதற்கு முன் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் கை வைப்பார்கள். ஷாக் இல்லைதான், ஆனால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு மோதிரமோ ஸ்பேனரோ பாலம் போட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, அந்த உலோகம் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் கையுறை போட்டு, உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, வாசலின் மெல்லிசாகப் பூசுங்கள். நட்டு தளர்ந்திருக்கிறதா, ஒயர் தோல் எங்காவது உரசிப் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த இணைப்பு சூடாகி, பேட்டரியே கெட்டுவிட்டது போல் வண்டியை நிறுத்தும். கழற்ற நேர்ந்தால் முதலில் போட்டோ எடுங்கள். சீரிஸ் ஒயரை மாற்றிப் பூட்டினால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் போய்விடும், அதன் விலை பேட்டரியைவிட அதிகம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால், கை வைக்க முடியாத சூடு இருந்தால் சுவர் சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, திரும்பச் சார்ஜ் போடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அமிலம் கையில் பட்டால் நிறைய ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்; கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவ உதவி தேடுங்கள். லித்தியத்திலிருந்து சீறல் சத்தமோ, இனிப்பான ரசாயன வாடையோ, புகையோ வந்தால் அணைக்க முயலாதீர்கள். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

படி 7: சில வாரம் ஓட்டாமல் வைக்கும்போது

லெட் ஆசிட்டை முழுதாகச் சார்ஜ் செய்து, பேட்டரி இணைப்பையோ மெயின் பிரேக்கரையோ துண்டித்து, மாதம் ஒருமுறை திரும்ப நிரப்புங்கள். லித்தியத்தைப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இங்கேதான் பலர் குழம்புவார்கள்: ஒன்று வயிறு நிறைய, ஒன்று அரை வயிறு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி இரண்டுக்கும் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட்டின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. உறையும் குளிரில் லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் போடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும்.

விமானத்தில் போவதானால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240 வாட்-அவர். இந்த எண்ணையும் பேட்டரி வகையையும் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்துக்குச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

படி 8: மாற்றும்போது

தினமும் ஓடும் லெட் ஆசிட் ஜோடிக்கு ஒன்றரை, இரண்டு வருடம் சாதாரணம். நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் ஓடும். 'ஒன்றுதானே போச்சு' என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சமயத்தில் தயாரான இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லெட் ஆசிட்டுக்குப் பதில் லேசான லித்தியம் போட்டுக்கொள்ளலாமே என்று ஆசை வரும். வீல்சேர் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். சார்ஜர் பொருந்தாது என்பது ஒரு பக்கம். அந்தப் பேட்டரிகளின் எடையும் வண்டி கவிழாமல் அடியில் பிடித்து நிறுத்துகிறது. 50 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றே பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்கும்போது முதுகு பத்திரம்.

பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுங்கள், ஈயம் மறுசுழற்சிக்குப் போகும். புதிய ஜோடியைப் பூட்டியதும் முதல் வேலையாக ஒரு இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள். முதல் சில நாள் 'பழசே தேவலாம்' என்று தோன்றலாம். புது லெட் ஆசிட் பத்து, இருபது முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகே முழுத் தூரம் கொடுக்கும். அதுவரை வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள்.