கொழுப்பு எப்போது எரிகிறது? சாப்பாட்டு இடைவெளியைச் சரிசெய்யும் வழி

சுகர் ஏறக் கூடாது, தொப்பையும் குறைய வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் எதைச் சாப்பிடலாம் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். எத்தனை தடவை சாப்பிடுகிறோம், சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதையும் அதே அக்கறையோடு பாருங்கள். உடம்புக்குள் நடப்பது புரிந்தால் மற்றது சுலபம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மொத்தமே 5 கிராம் அளவுதான், ஒரு டீஸ்பூன். ஒரு கப் சாதத்திலோ ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, மதியம் நம் தட்டில் இரண்டு கப் சர்வசாதாரணமாக விழும். அத்தனையும் சர்க்கரையாகி ரத்தத்துக்கு வரும்போது அங்கேயே தேங்காமல் பார்த்துக்கொள்வது கணையம் சுரக்கும் இன்சுலின். அது கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கச் சொல்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கொள்ளும், தசைகள் எல்லாம் சேர்ந்தால் 400 கிராம் வரைக்கும். அந்த இடமும் நிரம்பி, தினமும் மிஞ்சிக்கொண்டே போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும்.

இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலர் கவனிக்காதது இதுதான்: அது உயர்ந்திருக்கும் வரை கொழுப்பு செல்கள் தங்கள் இருப்பை வெளியே விடாது. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் போய் இன்சுலின் இறங்கும்போது, குளுக்ககான் என்ற ஹார்மோனின் கை ஓங்குகிறது. கல்லீரல் சேமித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கொடுக்கிறது, அதில் பெரும்பங்கு மூளைக்குப் போகிறது. தசையும் இதயமும் கொழுப்பு அமிலங்களை எரிக்க ஆரம்பிக்கின்றன. ராத்திரி நாம் தூங்கும்போது இதுதான் நடக்கிறது.

இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு சர்க்கரை போட்ட காபி, எட்டரைக்கு இட்லி, பதினொன்றுக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும், ஒன்றரைக்கு சாப்பாடு, நாலரைக்கு வடையோடு மறுபடி டீ, ஒன்பதரைக்கு தோசை, அப்புறம் டிவி முன்னால் ஒரு வாழைப்பழம். பகலில் இன்சுலின் முழுசாக இறங்க நேரம் கிடைப்பதே அரிது. முதல் வேலையாக, நடுவில் குடிக்கும் டீ காபியில் சர்க்கரையை நிறுத்துங்கள், பிஸ்கட்டையும் விடுங்கள். இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்து, சின்னதாக. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, காலை எட்டு மணிக்கு அடுத்த வேளை என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரம் கிடைக்கும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். ஆனால் ஒன்று: இடைவெளி விட்டுவிட்டு அடுத்த வேளையில் இரண்டு பங்கு சாப்பிட்டால், எரிந்த கொழுப்பு திரும்ப வந்துவிடும். மொத்த அளவும் கொஞ்சம் குறைந்தால்தான் எடை இறங்கும்.

இன்சுலின் ஊசி போடுபவர்கள், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வேளையைத் தள்ளிப்போடவே கூடாது. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், சாப்பாடு இருக்காது, சுகர் 70-க்குக் கீழே போய்விடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி இருந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், அதுவும் சுகர் அதிகம் ஏறாத நிலையிலேயே. கர்ப்பிணிகளும் இப்படிச் சாப்பாட்டு இடைவெளியை நீட்டிப் பார்க்க வேண்டாம்.

சரி, தட்டுக்கு வருவோம். பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன், எது இருக்கிறதோ அதை முதலில் சாப்பிடுங்கள், சாதம் பிறகு. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் நிதானமாக ஏறும். பசி பாதி அடங்கிவிடுவதால் சாதமும் தானாகக் குறையும். சுகர் இருப்பவர்களுக்குக் கேழ்வரகுக் கஞ்சி நல்லது என்று கொடுப்பார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது வேகமாகச் செரித்து சுகரைச் சட்டென்று ஏற்றிவிடும். சட்டென்று வேகும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் கஞ்சிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். மெல்லும்படி இருப்பதே மேல்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை அதிகம் சாப்பிட்ட பிறகான நடையில்தான். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பால் பொங்கி வரும்போதே தண்ணீர் தெளிப்பதுபோல, சுகர் ஏறிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும்: கை கழுவி அரை மணி நேரத்துக்குள், 10 முதல் 15 நிமிடம், மொட்டை மாடியோ தெருவோ எதுவானாலும் சரி. வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது மாதிரி தசைக்கு வேலை கொடுங்கள், ஏனென்றால் தசை குறைந்தால் சர்க்கரையை வைக்கும் இடமே குறைகிறது. வியர்வையை வைத்துக் கொழுப்பு கரைந்ததாகக் கணக்குப் போடாதீர்கள். எரிந்த கொழுப்பில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சுக்காற்றில்தான் வெளியேறுகிறது.

தூக்கம் குறைந்தால் மறுநாள் இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காது. இன்னொன்று, ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டும் காலையில் சுகர் கூடுதலாகக் காட்டுகிறதே என்று சிலர் பயந்துபோகிறார்கள். விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை ஏறும்போது கல்லீரல் சர்க்கரையைத் திறந்துவிடும். ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரே அளவு சாதத்தை ஒரு நாள் சாப்பிட்டு உட்கார்ந்தும், இன்னொரு நாள் சாப்பிட்டு நடந்தும் பாருங்கள். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும், 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126-ம் அதற்கு மேலும் மறுபடி வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒல்லியாக இருப்பவர்களும் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம்மில் அதிகம், அதனால் நமக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.