பிரான்ஸ் கிராமங்களுக்கு முதல் குரூப் டூர்: படிப்படியாக எப்படித் தயாராவது?

நான் போன முதல் குரூப் டூரில் ஷாம்போர் அரண்மனைக்குக் கொடுத்த நேரம் 40 நிமிடம். அதில் பாதி டாய்லெட் வரிசையில் போய்விட்டது. 1519இல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்ட ஆரம்பித்தது, 400க்கும் மேல் அறைகள், நடுவில் ஒருவர் ஏற இன்னொருவர் இறங்க இரண்டு பேரும் வழியில் சந்தித்துக்கொள்ளவே முடியாத இரட்டைச் சுருள் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் பாதி ஏறியிருப்பேன், கீழே கொடியைத் தூக்கிவிட்டார்கள், பஸ் கிளம்புகிறதாம். அடுத்த முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, தென்மேற்கில் தோர்தோன் பக்கம், ஒரே ஓட்டலில் நான்கு இரவு தங்கும் டூராகத் தேடிப் பிடித்தேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஊரை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள்

டூர் விளம்பரத்தில் "8 நாளில் 14 ஊர்" என்று இருந்தால் அப்படியே மூடி வையுங்கள். தினமும் பெட்டி கட்டி, காலை 7 மணிக்குப் பஸ் ஏறி, ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவு தங்கி, அங்கிருந்து சுற்றிவரும் திட்டமா என்று பாருங்கள்.

அரண்மனைதான் வேண்டும் என்றால் லுவார் பள்ளத்தாக்கு. ஷாம்போர், ஷெர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம்போல நிற்கும் ஷெனொன்சோ, லியோனார்டோ டா வின்சி தன் கடைசிக் காலத்தைக் கழித்த அம்புவாஸ் எல்லாம் அங்கேதான். பழைய கல் வீடு, ஆறு, குகை, சந்தை என்றால் தோர்தோன். என் ஓட்டு தோர்தோனுக்குத்தான். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறமும் ஊரைச் சுற்றலாம். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே லீவு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், கூட்டம் தாங்காது.

படி 2: திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

"பார்வையிடுதல்" என்று போட்டிருந்தால் உள்ளே போவதா, வெளியில் நின்று பார்ப்பதா என்று கேளுங்கள். நுழைவுச்சீட்டு சேர்த்தியா? எத்தனை மணி நேரம்? தனியாகப் போகிறவர்கள் தனி அறைக்குக் கூடுதலாக எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், கடைசியில் சொன்னால் நெஞ்சு வலிக்கும்.

அப்புறம் கைடு. உங்களோடு கூடவே வரும் டூர் மேனேஜர் வேறு, உள்ளூர் கைடு வேறு. பிரான்சில் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் கட்டண டூருக்கு விளக்கம் சொல்ல அரசு அட்டை வாங்கிய கைடு வேண்டும். அதனால் "உள்ளூர் கைடு எந்தெந்த இடத்தில் உண்டு?" என்பது முக்கியமான கேள்வி. தோர்தோன் ஆற்றின் இந்தக் கரையில் பெனாக் கோட்டை, அந்தக் கரையில் கஸ்தெல்நோ கோட்டை. இரண்டும் வெறும் கல்லாகத்தான் எனக்குத் தெரிந்தன. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், எதிரே இருப்பது ஆங்கிலேயர் பக்கம், நடுவில் ஓடும் இந்த ஆறுதான் எல்லை என்று கைடு கையை நீட்டிச் சொன்ன பிறகுதான் அம்மா "அட, எதிர்வீட்டுச் சண்டை" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படி 3: விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை அனுமதி இருந்தாலும் அவ்வளவு தள்ளாதீர்கள், கோடை சீசனில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பிய பிறகும் பாஸ்போர்ட் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பல நாடு சுற்றும் டூர் என்றால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம்.

படி 4: பெட்டி

சின்னப் பெட்டி, நல்ல செருப்பு அல்ல, நல்ல ஷூ. பழைய ஊர்களுக்குள் பெரிய பஸ் நுழையாது, வெளியே இறக்கிவிட்டால் கல் பதித்த தெருவில் நடக்க வேண்டும். பெரிய சூட்கேஸின் சக்கரம் அந்தக் கல்லில் போடும் சத்தத்துக்கு ஊரே எட்டிப் பார்க்கும். கிறிஸ்தவ யாத்திரை ஊரான ரொக்கமதூரில் கோயில்களுக்கு ஏற 216 படி. அந்தக் காலத்தில் யாத்ரீகர்கள் முழங்காலிலேயே ஏறினார்களாம். அம்மா பழனி கணக்குப் போட்டுப் பார்த்து "இது ஒன்றுமில்லை" என்றார், ஆனாலும் லிஃப்டில்தான் போனோம்.

வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துப் போகலாம். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. டூர் பாரீஸில் தொடங்கினால் லா ஷாப்பெல் பகுதிக்கு ஒரு நடை போய்வாருங்கள், ஈழத்தமிழர் கடைகளில் ஊறுகாயிலிருந்து முறுக்கு வரை எல்லாம் கிடைக்கும்.

படி 5: பஸ் ஒழுங்கு

"பத்து நிமிஷம்தானே" என்று நாம் தாமதிப்பது அங்கே எடுபடாது, காரணம் டிரைவரின் கோபம் இல்லை, சட்டம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம், ஒரு நாளுக்கு ஓட்டும் நேரம் பொதுவாக 9 மணி. எல்லாம் வண்டிக் கருவியில் பதிவாகும். நீங்கள் தாமதித்த நேரத்தை அடுத்த ஊருக்குத் தரும் நேரத்திலிருந்துதான் குறைப்பார்கள். இறங்கும்போதே பஸ் நிற்கும் இடத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு யூரோ, அரை யூரோ காசு இருக்கட்டும், டாய்லெட்டுக்கு.

படி 6: சாப்பாடு

கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ஜூர்". அது சொல்லாமல் எதைக் கேட்டாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கிராமங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், அதற்கு மேல் போனால் அடுப்பு அணைந்திருக்கும். "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும், சும்மா "வாட்டர்" என்றால் பாட்டில் வந்து பில்லிலும் ஏறும்.

சைவர்கள் கவனிக்க. தோர்தோன் வாத்துக்கும் கூஸுக்கும் (பெருவாத்து) பேர்போன பகுதி. அங்குள்ள சார்லா என்ற ஊரில் நடுத்தெருவிலேயே மூன்று கூஸுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள்! அங்கே உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று வந்தது, மேலே பூண்டு, பார்ஸ்லி, ஓரமெல்லாம் பொன்னிறம், பார்த்தால் நம் வீட்டு ரோஸ்ட்டேதான். அம்மா முள்கரண்டியில் குத்தி வாய்ப்பக்கம் கொண்டுபோனபோது டூர் மேனேஜர் ஓடி வந்து தடுத்தார். சார்லா உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். "சைவம்" என்பதோடு நிறுத்தாமல் "சான் வியாந்த், சான் ப்வாசோன்", அதாவது கறியும் மீனும் இல்லாமல் என்று சொல்லி, கொழுப்பு பற்றியும் கேளுங்கள். டூர் கம்பெனிக்கும் முன்பே எழுதிக் கொடுங்கள், நான் போன் பண்ணிச் சொன்னது எங்கேயோ காற்றில் போயிருந்தது.

படி 7: குழுவை விட்டுக் கொஞ்சம் விலகுங்கள்

தோர்தோன் பக்கம் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்குப் போகிறவர்கள் ஏமாறாமல் இருக்க ஒன்று: நீங்கள் பார்க்கப்போவது நகல். 1940இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்த அசல் குகையை, கூட்டத்தின் மூச்சுக்காற்றில் ஓவியங்கள் கெடுவதால், 1963இல் மூடிவிட்டார்கள். 2016இல் திறந்த நகல் அவ்வளவு நேர்த்தி, காளை ஓவியங்களின் முன்னால் நிற்கும்போது நகல் என்ற நினைப்பே வராது. உள்ளே கொஞ்சம் குளிரும், சால்வை எடுத்துப் போங்கள்.

இலவச நேரம் தருகிற நாள் சார்லாவில் சனிக்கிழமையாக அமைந்தால் அதிர்ஷ்டம், அன்று சந்தை. எட்டரைக்கே போய்விடுங்கள். பழைய மாதா கோயில் ஒன்றை மூடுசந்தையாக மாற்றியிருக்கிறார்கள், வாசலில் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் வைத்த பிரம்மாண்டமான இரும்புக் கதவு. வெளியே வால்நட், ஸ்ட்ராபெரி, ஆட்டுப்பால் சீஸ். சீஸ்காரம்மா கத்தி முனையில் ஒரு துண்டு நீட்டினார், அம்மா முகத்தைச் சுளித்தார், அப்புறம் தானே இன்னொரு துண்டு கேட்டார்.

அங்கே வால்நட் எண்ணெய் வாங்கினால் பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். நான் கைப்பையில் வைத்திருந்தேன், 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள் என்பது தெரிந்தும் மறந்துபோய், விமான நிலையச் சோதனையில் அரை லிட்டர் எண்ணெய் அப்படியே குப்பைத்தொட்டிக்குப் போனது.